கோபுரம் முதலில், காற்றாலை பிறகு

பருவநிலை மாற்றத்துக்கென்று ஒரு சட்டம்கூட இயற்றாத மாநிலம், அமெரிக்காவிலேயே மிக அதிகமாகக் காற்றிலிருந்து மின்சாரம் எடுக்கிறது. டெக்சாஸில் குடியிருக்கும் எனக்கு இந்த முரண்பாடு பல வருடங்களாக உறுத்திக்கொண்டே இருக்கிறது. கரியமில வாயுவை எந்த ஆண்டுக்குள் எவ்வளவு குறைப்பது என்று இந்த மாநிலம் எங்கும் எழுதிவைக்கவில்லை. ஆளும் கட்சியினர் பலர் மேடையில் அந்தப் பேச்சையே எடுப்பதில்லை. ஆனால் டல்லாஸிலிருந்து மேற்கே இன்டர்ஸ்டேட் 20 நெடுஞ்சாலையில் போனால், ஸ்வீட்வாட்டர் ஊரை நெருங்கும்போதே இரு பக்கமும் காற்றாலைகள் தொடங்கிவிடுகின்றன. பருத்திக் காடுகளுக்கு நடுவே அடிவானம் வரை அவைதான். நாட்டின் காற்றாலை மின்சாரத்தில் கால் பங்குக்கு மேல் இந்த ஒரு மாநிலத்திலிருந்து வருகிறது.

நியூயார்க் நகரத்துக்கு வடக்கே வெஸ்ட்செஸ்டரில் வசிக்கும் ஒரு அண்ணன், நியூயார்க் மாநிலத்தின் 2019ஆம் ஆண்டுப் பருவநிலைச் சட்டத்துக்காக மாநிலத் தலைநகர் ஆல்பனி வரை பஸ் ஏறிப் போய்க் குரல் கொடுத்தவர். அவருடைய மகள் ஆஸ்துமாவோடு வளர்ந்தவள். மின் நிலையப் புகை அவருக்கு வெறும் வாதப் பொருள் அல்ல. பேசும்போதெல்லாம், "தம்பி, உங்கள் மாநிலத்தில் பருவநிலைக்கு ஒரு சட்டமாவது உண்டா?" என்று கேட்பார். இல்லை என்றுதான் நான் சொல்ல வேண்டும். அவருடைய மாநிலத்தில் இருப்பது நாட்டின் மிகத் துணிச்சலான சட்டங்களில் ஒன்று: 2030க்குள் மின்சாரத்தில் 70 சதவீதம் புதுப்பிக்கத்தக்க மூலங்களிலிருந்து, 2040க்குள் மின்துறையில் கரியமில வாயுவே இல்லாத நிலை, 2050க்குள் மொத்த உமிழ்வில் 1990ஆம் ஆண்டு அளவிலிருந்து 85 சதவீதம் குறைப்பு. அந்தச் சட்டத்தின் மேல் எனக்கு உண்மையான மரியாதை உண்டு. இருந்தாலும் அவருடைய கேள்வி கேட்கவேண்டிய இடத்துக்குச் சற்று முன்பே நின்றுவிடுகிறது என்று நினைக்கிறேன். ஒரு மாநிலம் எழுதிவைத்த ஆண்டும் சதவீதமும் முக்கியம்தான். அதைவிட முக்கியம், அந்த மின்சாரம் வருகிற வழிக்கு யார் பணம் கட்டுவது, யாருடைய நிலத்தின் வழியே அது போவது என்ற இரண்டையும் அந்த மாநிலம் தீர்த்துவைத்ததா என்பது.

வார இறுதியில் கேட்ட கேள்வி

டெக்சாஸின் காற்றாலைக் கதையைப் பலர் சந்தையின் வெற்றி என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். காற்று இருந்தது, நிலம் இருந்தது, முதலாளிகள் வந்தார்கள் என்கிறார்கள். தொடக்கம் அப்படி இல்லை. 1996 முதல் 1998 வரை இங்கிருந்த எட்டு மின் நிறுவனங்கள், வருங்காலத்தில் எந்த மூலத்திலிருந்து மின்சாரம் தயாரிக்கலாம் என்று தங்கள் வாடிக்கையாளர்களிடமே கேட்டன. அப்படிக் கேட்டாக வேண்டும் என்பது மின்துறையை ஒழுங்குபடுத்தும் மாநிலப் பொதுப் பயன்பாட்டு ஆணையம் வைத்த விதி. பேராசிரியர் ஜேம்ஸ் ஃபிஷ்கின் உருவாக்கிய முறைப்படி, குலுக்கல் போலத் தேர்ந்தெடுத்த சாதாரண மக்களை ஒரு வார இறுதிக்கு ஓரிடத்துக்கு அழைத்தார்கள். நிலக்கரி, எரிவாயு, காற்று, மின் சிக்கனம் ஆகிய ஒவ்வொன்றின் செலவையும் குறையையும் நிறையையும் விளக்கிய குறிப்புகள் கையில் தரப்பட்டன. மக்கள் சிறு குழுக்களாக உட்கார்ந்து பேசினார்கள். எதிரெதிர் கருத்துள்ள நிபுணர்களைக் கேள்வி கேட்டார்கள். புதுப்பிக்கத்தக்க மின்சாரத்துக்காக மாதக் கட்டணத்தில் கொஞ்சம் கூடுதலாகக் கொடுக்கத் தயாரா என்ற கேள்விக்கு, வந்தபோது ஆம் என்றவர்கள் சராசரியாக 52 சதவீதம். பேசி முடித்துக் கிளம்பும்போது அது 84 சதவீதமாகியிருந்தது.

இந்த எண்ணை முதன்முதலாகப் படித்தபோது எழுந்து நடந்துவிட்டு வந்து மறுபடி படித்தேன். எண்ணெய் மாநிலம் என்று உலகமே சொல்லும் ஊரில், பள்ளி ஆசிரியரும் பண்ணைக்காரரும் கடை வைத்திருப்பவரும் இரண்டு நாள் உட்கார்ந்து யோசித்துவிட்டு, 'செலவு கூடினாலும் பரவாயில்லை' என்று சொல்லியிருக்கிறார்கள். 1999இல் ஆளுநர் ஜார்ஜ் டபிள்யூ. புஷ் மின்சந்தையைத் திறந்துவிடும் சட்டத்தில் கையெழுத்திட்டபோது, அதற்குள்ளேயே ஒரு சிறிய இலக்கும் வைக்கப்பட்டது: 2009க்குள் புதிதாக 2,000 மெகாவாட் புதுப்பிக்கத்தக்க மின் திறன். இன்றைக்குப் பார்த்தால் சின்ன எண். ஆனால் தன் பங்கை வாங்காத விற்பனையாளர் ஒவ்வொரு மெகாவாட் மணிக்கும் 50 டாலர் வரை அபராதம் கட்ட வேண்டும் என்று அதில் பல்லும் இருந்தது. இலக்கு காலக்கெடுவுக்குப் பல ஆண்டுகள் முன்பே எட்டப்பட்டது.

2005

எட்டிய வேகத்திலேயே சிக்கலும் வந்தது. காற்று வீசுவது மேற்கிலும் வடக்கே பான்ஹாண்டில் சமவெளியிலும். மக்கள் இருப்பது டல்லாஸ், ஹூஸ்டன், சான் ஆண்டோனியோ, ஆஸ்டின் நகரங்களில். இரண்டுக்கும் நடுவே இருந்த மின்வழித்தடங்கள் பழையவை, மெலிந்தவை. காற்று நன்றாக வீசும் இரவுகளில் மேற்கில் மின்சாரம் குவிந்து, வாங்க ஆளின்றி விலை பூஜ்யத்துக்குக் கீழே போனது. விற்கும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் மத்திய அரசின் வரிச் சலுகை கிடைப்பதால், காற்றாலைக்காரர்கள் கையிலிருந்து பணம் கொடுத்தாவது மின்சாரத்தைத் தள்ளிவிடப் பார்த்தார்கள். 2009இல் இங்கே காற்றாலைகள் தந்திருக்கக்கூடிய மின்சாரத்தில் ஏறக்குறைய 17 சதவீதம் தடம் இல்லாத காரணத்தால் நிறுத்திவைக்கப்பட்டது. ஆரல்வாய்மொழிப் பக்கம் காற்றாலை வைத்திருப்பவர்களுக்கு இந்த வயிற்றெரிச்சல் புதிதல்ல.

முடிச்சு இதுதான். காற்றாலையை ஒன்றிரண்டு வருடத்தில் நட்டுவிடலாம். உயர் மின்னழுத்தத் தடம் போட ஐந்து வருடத்துக்கு மேல் ஆகும். தடம் இல்லாத இடத்தில் காற்றாலை வைக்க வங்கி கடன் தராது. காற்றாலை இல்லாத இடத்துக்குத் தடம் போட ஆணையம் அனுமதி தராது, ஏனென்றால் பயன்படாத தடத்தின் செலவை மக்கள் தலையில் கட்டக் கூடாது என்பது பழைய நெறி. பயணிகள் இல்லை என்று பஸ் விடாமல், பஸ் இல்லை என்று பயணிகள் வராமல் கிடக்கும் ஊரைப் போல இரு தரப்பும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தன. அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்கள் இன்றும் இந்த இடத்தில்தான் நிற்கின்றன.

2005இல் டெக்சாஸ் சட்டமன்றம் செய்தது எளிய காரியம். ஆனால் அதற்கு நெஞ்சுரம் வேண்டும். இலக்கை 2015க்குள் 5,880 மெகாவாட்டாக உயர்த்தியதோடு நில்லாமல், வரிசையையே மாற்றிப் போட்டது. காற்று எங்கே வலுவாக இருக்கிறதோ அந்தப் பகுதிகளை மண்டலங்களாக அறிவித்துவிடு. காற்றாலை வந்தாலும் வராவிட்டாலும் அங்கே முதலில் தடம் போடு. செலவை மாநில மின் தொகுப்பில் உள்ள எல்லா வாடிக்கையாளர்களும் பகிர்ந்துகொள்ளட்டும் என்று பொதுப் பயன்பாட்டு ஆணையத்துக்குக் கட்டளையிட்டது. சுருக்கமாக 'கிரெஸ்' என்று இங்கே அழைக்கப்படும் திட்டம் அது. கையெழுத்திட்டவர் அப்போதைய ஆளுநர் ரிக் பெர்ரி. அவரைச் சுற்றுச்சூழல்வாதி என்று அவருடைய நண்பர்களும் சொல்லமாட்டார்கள், எதிரிகளும் சொல்லமாட்டார்கள். 2008இல் ஆணையம் ஐந்து மண்டலங்களைத் தேர்ந்து, 18,500 மெகாவாட் அளவுக்குக் காற்றாலை மின்சாரத்தைத் தாங்கும் தடங்களுக்கு ஒப்புதல் தந்தது. அப்போது போட்ட கணக்கு ஏறக்குறைய 500 கோடி டாலர். முடிந்தபோது கிட்டத்தட்ட 690 கோடி. சுமார் 3,600 மைல் நீளத்துக்கு 345 கிலோவோல்ட் தடங்கள் 2014 தொடக்கத்தில் முடிந்தன. ஒவ்வொரு வீட்டின் மாதக் கட்டணத்திலும் சில டாலர்கள் ஏறின. அந்த ஆண்டு, நிறுத்திவைக்கப்பட்ட காற்றாலை மின்சாரத்தின் அளவு 2009இன் 17 சதவீதத்திலிருந்து அரை சதவீதத்துக்கு இறங்கியது.

இந்தப் பகுதியை நான் திரும்பத் திரும்பப் படிப்பதற்குக் காரணம், அது யாருக்கும் வலிக்காமல் நடக்கவில்லை என்பதுதான். ஆஸ்டினுக்கு மேற்கே உள்ள ஹில் கன்ட்ரி மலைப்பகுதியில் தலைமுறைகளாகப் பண்ணை வைத்திருந்தவர்கள், தங்கள் நிலத்தின் நடுவே உயர் மின் கோபுரங்கள் வருவதைக் கடுமையாக எதிர்த்தார்கள். கொங்கு நாட்டு விவசாயிகள் வயலில் இறங்கிப் போராடியதைப் பார்த்தவர்களுக்கு அந்த வேதனையை நான் விளக்க வேண்டியதில்லை. விசாரணைகள் நடந்தன; ஒரு தடம் கைவிடப்பட்டது; சில தடங்கள் நெடுஞ்சாலை ஓரமாகத் திருப்பிவிடப்பட்டன. ஆனால் அந்த விசாரணைகள் எதுவும் 'தடம் வேண்டுமா, வேண்டாமா' என்ற கேள்விக்குத் திரும்பிப் போகவில்லை. அதை 2005இலேயே சட்டமன்றம் முடிவு செய்துவிட்டது. மிச்சமிருந்தது 'எந்த வழியாக' என்பது மட்டும்.

இதற்கு டெக்சாஸுக்கு ஒரு தனி வசதியும் இருந்தது, அதை மறைக்கக் கூடாது. 'எர்காட்' நிர்வகிக்கும் இங்குள்ள மின் தொகுப்பு பெரும்பாலும் மாநில எல்லைக்குள்ளேயே அடங்கியது. அதனால் தடத்தின் கட்டணத்தை நிர்ணயிக்க வாஷிங்டனின் சம்மதமோ பக்கத்து மாநிலத்தின் சம்மதமோ தேவைப்படவில்லை.

நியூயார்க்கின் இரண்டு பாதிகள்

இப்போது அண்ணனின் மாநிலத்துக்கு வருகிறேன். நியூயார்க்கின் வடக்கும் மேற்கும் ஏற்கெனவே தூய்மையானவை. நயாகராவிலும் செயின்ட் லாரன்ஸ் ஆற்றிலும் நீர் மின்சாரம், ஒன்டாரியோ ஏரிக்கரையில் அணு உலைகள், குன்றுகளில் காற்றாலைகள். அங்கே தயாராகும் மின்சாரத்தில் பத்தில் ஒன்பது பங்கு கரியமில வாயு இல்லாதது. தெற்கே, மக்கள் நெருக்கமாக வாழும் நியூயார்க் நகரமும் லாங் ஐலண்டும் பெரும்பாலும் எரிவாயுவில் ஓடுகின்றன. இரண்டு பாதிகளுக்கும் நடுவே உள்ள தடங்களில் நெரிசல். ஆக, 2019இல் சட்டம் கையெழுத்தானபோது அந்த மாநிலத்தின் முதல் வேலை, வடக்கில் இருப்பதைத் தெற்கே கொண்டுவருவதாகத்தான் இருந்திருக்க வேண்டும்.

நடந்தது வேறு. 2,000 மெகாவாட் திறனுள்ள இண்டியன் பாயிண்ட் அணுமின் நிலையத்தை மூடுவதென்று 2017இலேயே உடன்பாடு ஆகியிருந்தது. நியூயார்க் நகரத்துக்கும் வெஸ்ட்செஸ்டருக்கும் தேவையான மின்சாரத்தில் ஏறக்குறைய கால் பங்கை அது தந்துகொண்டிருந்தது. கடைசி உலை 2021 ஏப்ரல் 30இல் நின்றது. அத்தனை பெரிய நகரத்துக்கு அருகே அணு உலை வேண்டாம் என்ற அச்சத்தை நான் அலட்சியப்படுத்த மாட்டேன். ஹட்சன் ஆற்று மீன்களுக்காக வாதாடியவர்களின் கவலையும் நியாயமானது. ஆனால் அதற்கு மாற்றாக வரவேண்டிய தடங்கள் ஒன்றும் அன்று தயாராக இல்லை. விட்டுப்போன இடத்தை எரிவாயு நிரப்பியது. பருவநிலைச் சட்டம் வந்து இரண்டே வருடத்தில், சட்டம் காப்பாற்ற நினைத்த அதே தெற்குப் பகுதியில் மின்சாரம் முன்பைவிட அழுக்கானது. கனடாவின் கியூபெக்கிலிருந்து நியூயார்க் நகரின் குயின்ஸ் பகுதி வரை 339 மைல் ஓடும் சாம்ப்ளெய்ன் ஹட்சன் தடத்தின் பேச்சு தொடங்கி பத்து வருடத்துக்கு மேல் ஆகியிருந்தும், கட்டுமானம் தொடங்கியது 2022 இறுதியில்தான். மாநிலத்துக்குள்ளேயே வடக்கு மின்சாரத்தை நகரத்துக்குக் கொண்டுவர இருந்த கிளீன் பாத் திட்டத்தின் ஒப்பந்தம் 2024 நவம்பரில் ரத்தானது. அதே ஆண்டு ஜூலையில் மாநிலத்தின் சொந்த மறுஆய்வு அறிக்கையே, 70 சதவீத இலக்கு 2030இல் எட்டப்படாது, 2033 வரை ஆகலாம் என்று ஒப்புக்கொண்டது.

அண்ணனிடம் இதையெல்லாம் சொன்னபோது அவர் கோபப்படவில்லை. நீண்ட நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "இலக்கு இல்லாமல் இருந்திருந்தால் தவறுகிறோம் என்று எப்படித் தெரிந்திருக்கும்?" என்றார். நல்ல கேள்வி. அந்த மறுஆய்வு அறிக்கையை வெளியிடக் கட்டாயப்படுத்தியதே அந்தச் சட்டம்தான். அனுமதிகள் ஓராண்டுக்குள் முடிய வேண்டும் என்று 2020இல் தனி அலுவலகம் அமைத்ததும் அந்த இலக்கின் நெருக்கடியால்தான். ஆக, அவர் ஆல்பனிக்குப் போனது வீண் என்று நான் ஒருபோதும் சொல்ல மாட்டேன். அந்தச் சட்டத்தில் தடத்துக்கென்று ஓர் அத்தியாயம் இல்லாமல் போனதைத்தான் சொல்கிறேன்.

மாநில எல்லையைத் தாண்ட வேண்டியிருந்தால் பாடு இன்னும் மோசம். மாசசூசெட்ஸ் 2016 சட்டத்தின்படி கியூபெக் நீர் மின்சாரத்தை வாங்க முடிவு செய்தது. முதலில் தேர்ந்த தடம் நியூ ஹாம்ப்ஷயர் வழியாகப் போக வேண்டியது. 2018இல் அந்த மாநிலக் குழு மறுத்தது. அடுத்து மெய்ன் வழியாக. 145 மைல் தடத்துக்கு எல்லா அனுமதியும் கிடைத்து மரங்கள் வெட்டத் தொடங்கிய பிறகு, 2021 நவம்பர் பொது வாக்கெடுப்பில் மெய்ன் மக்கள் 59 சதவீதம் பேர் நிறுத்து என்றார்கள். எரிவாயு மின் நிலையங்கள் வைத்திருந்த நிறுவனங்கள் எதிர்ப்புப் பிரசாரத்துக்குப் பணத்தைக் கொட்டின என்பது உண்மை. மெய்ன் மக்கள் கேட்டதும் உண்மை: காடு எங்களுடையது, மின்சாரம் உங்களுடையதா? வழக்குகள் முடிந்து வேலை மீண்டும் தொடங்க 2023 ஆனது. மாசசூசெட்ஸ் சட்டமன்றத்தால் தன் இலக்கை எவ்வளவு வேண்டுமானாலும் உயர்த்த முடியும். மெய்ன் காட்டில் ஒரு கோபுரம் நட அதற்கு அதிகாரம் இல்லை.

நம்பிக்கை இல்லாமல் கட்டியது

இவ்வளவு சொல்லிவிட்டு டெக்சாஸைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடவும் என்னால் முடியவில்லை. கரியமில வாயு உமிழ்வில் நாட்டின் முதலிடம் இந்த மாநிலத்துக்குத்தான். இரண்டாவது இடத்தில் உள்ள கலிஃபோர்னியாவைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. காற்றாலைகள் நிலக்கரியின் இடத்தைப் பிடித்தன. ஆலைகளையும் சுத்திகரிப்பு நிலையங்களையும் எண்ணெய் வயல்களையும் அவை தொடக்கூட இல்லை. குறைக்க வேண்டும் என்று சொல்ல இங்கே சட்டம் இல்லை. அண்ணனின் கேள்வி இந்த இடத்தில் முழு வலிமையோடு திரும்ப வருகிறது.

காரணத்தைச் சொல்லாமல் கட்டியதற்கு இன்னொரு விலையும் இருக்கிறது. 2021 பிப்ரவரிக் குளிர் புயலில் இந்த மாநிலத்தில் 45 லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளும் கடைகளும் இருளில் மூழ்கின. அரசுக் கணக்குப்படியே 246 பேர் இறந்தார்கள். மாநில மின் தொகுப்பு முழுவதுமாகச் சரிய நான்கரை நிமிடங்களே இருந்தன. எங்கள் தெருவில் கம்பளிக்குள் சுருண்டு கிடந்த நாட்களில், ஆளுநர் கிரெக் அபட் தொலைக்காட்சியில் காற்றாலையையும் சூரிய மின்சாரத்தையும் குற்றம் சாட்டினார். மத்திய அமைப்புகளின் விசாரணை பின்னர் வந்தது. எதிர்பாராமல் நின்றுபோன மின் நிலையங்களில் பாதிக்கும் மேல் எரிவாயுவில் ஓடியவை. அதற்குள் அண்டை வீடுகளில் எல்லோருக்கும் 'காற்றாலைதான் கவிழ்த்தது' என்பது மனப்பாடமாகிவிட்டது. தங்கள் மாநிலமே காசு போட்டு, யோசித்து, எல்லோருடைய கட்டணத்திலும் பங்கு எடுத்துக் கட்டியது இது என்று அவர்களுக்கு யாரும் சொன்னதில்லை. பெருமைப்படக் கற்றுத்தராத ஒன்றுக்காக யார் எழுந்து நின்று பேசுவார்கள்?

பிறகு அடுத்தடுத்து வந்தன. 2023இல், 1999 முதல் இருந்த கட்டாயப் புதுப்பிக்கத்தக்க மின்சார விதியைப் படிப்படியாக முடித்துவைக்கும் சட்டம் நிறைவேறியது. அதே ஆண்டு நவம்பரில், முக்கியமாகப் புதிய எரிவாயு மின் நிலையங்களுக்குக் கடன் தருவதற்கான நிதிக்கு வாக்காளர்கள் ஒப்புதல் அளித்தார்கள். காற்றாலைக்கும் சூரிய மின் நிலையத்துக்கும் மட்டும் தனி அனுமதி கேட்கும் மசோதா மாநில செனட்டில் நிறைவேறி, பிரதிநிதிகள் சபையில் நின்றது. 2025இல் காற்றையும் வெயிலையும் கட்டுப்படுத்தும் நோக்கத்தோடு மூன்று மசோதாக்கள், எண் 819, 388, 715, செனட்டைத் தாண்டின. மூன்றும் பிரதிநிதிகள் சபையில் வாக்கெடுப்பைக் காணாமலேயே காலாவதியாயின. எதிர்த்து நின்றவர்களில் சுற்றுச்சூழல் அமைப்புகள் இருந்தன. தொழில் வர்த்தக அமைப்புகளும் நிலக்காரர்களும் இருந்தார்கள். மேற்கு டெக்சாஸில் மழை பொய்த்த வருடத்திலும் காற்றாலைக் குத்தகைப் பணம் வருகிறது. அங்குள்ள பள்ளிகளும், மாவட்டம் போன்ற கவுண்டி நிர்வாகங்களும் காற்றாலைகள் கட்டும் சொத்து வரியை நம்பியிருக்கின்றன. இந்த மனிதர்களில் பலர் பருவநிலை மாற்றத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. ஆனாலும் அவர்கள்தான் காப்பாற்றினார்கள்.

அவர்களை எத்தனை முறை நம்பியிருப்பது என்பதுதான் இப்போது எனக்குள்ள கவலை. 2025 ஏப்ரலில் ஆணையம், மேற்கே பெர்மியன் எண்ணெய் வயல்களின் மின் தேவைக்காக 765 கிலோவோல்ட் தடங்களைத் தேர்ந்தெடுத்தது. இந்த மாநிலத்தில் இதுவரை போடாத பெரிய தடங்கள். செலவு மறுபடியும் எல்லோர் கட்டணத்திலும்தான் சேரும். கிரெஸ் காலத்தில் செய்ததுபோல், அந்தத் தடங்களின் ஓரத்தில் காற்றையும் வெயிலையும் நம்பி முதலீடு செய்ய வருபவர்களுக்கும் இணைப்பு கிடைக்குமா, அல்லது 819 போன்ற மசோதா மீண்டும் வந்து வாசலை அடைக்குமா என்பது இன்னும் முடிவாகவில்லை. சட்டமன்றம் இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறைதான் கூடுகிறது. அடுத்தது 2027 ஜனவரியில். குழு விசாரணையில் எந்தக் குடிமகனும் பெயர் கொடுத்துப் பேசலாம். எனக்குக் கிடைக்கும் சில நிமிடங்களில் ரிக் பெர்ரி கையெழுத்திட்ட 2005 சட்டத்தின் பத்தியை அப்படியே படிக்கப்போகிறேன். அதைப் படித்துவிட்டு, இதற்கு எங்கள் வீட்டுக் கட்டணத்திலும் பணம் கட்டியிருக்கிறோம், இதை வீணாக்க உங்களுக்கு நாங்கள் அனுமதி தரவில்லை என்று சொல்வேன். பருவநிலை மாற்றம் என்ற சொல்லையும் அந்த அறையில் உரக்கச் சொல்வேன்.